மீனுக்குச் சரிவு கட்டின கதை

அணை கட்டுகிறவனுக்கு ஊரில் மாலை விழும். மீன் ஏறுவதற்காக அணையை உடைக்கிறவனுக்கு வெறும் தேத்தண்ணிகூடக் கிடைக்காது. நீர்ப்பாசன வேலையில் மாய்கிற உங்களுக்கு இதை நான் சொல்லித் தெரியத் தேவையில்லை.

முதல் கூட்டம்

வெருகல் பக்கத்து ஓடை ஒன்றில் பழைய அணையை எடுத்துவிட்டு, மீன் ஏறிப்போகச் சரிவு வைத்த உயரம் குறைந்த அணை கட்டுவது எங்கள் திட்டம். கடலிலிருந்து வரும் மணலை மீன் மேலே குளம்வரை போய் வளரும் என்று படம் காட்டி விளக்கினேன். உப்புத்தண்ணி வயலுக்கு ஏறுமோ என்று விவசாயிகள் கேட்டார்கள். ஏறாது என்றதும் அடங்கினார்கள்.

பின்வரிசையில் மரியதாஸ் அண்ணன் எழும்பினார். அணையடியில் முட்டி நிற்கும் மீனுக்கு வலை வீசிப் பிழைக்கிற ஆறு குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. ஆளுக்கொரு நாள் முறை; மற்றவன் முறையில் ஒருத்தரும் வலையை நனைக்கமாட்டார்கள். சத்தம் போடாமல்தான் கேட்டார்: “மீன் மேலை போனால் நாங்கள் எங்கை போறது, சேர்?”

மேசனின் கைவேலை

குளத்திலும் அதே முறையில் வீசலாம் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. இனி மீன் ஏறத்தான் வேண்டும். ஏறாவிட்டால் ஆறு வீட்டு அடுப்பும் என் தலையில்.

எங்கள் மேசன் கெட்டிக்காரன். சரிவுக்குச் சீமெந்து பூசி, வீட்டு விறாந்தைபோல வழுவழுவென்று முடித்துவைத்தான். நானும் மடையன் மாதிரிப் பாராட்டினேன். பார்க்க வந்த மரியதாஸ் அண்ணன் கையால் ஒருக்கால் தடவிப் பார்த்தார். “நல்ல வடிவு. ஆனால் தண்ணி அடிச்சுக்கொண்டு வரேக்கை மீன் எதுக்குப் பின்னாலை நிண்டு இளைப்பாறும்?”

பூச்சைக் கொத்திப் பெரிய கல்லுகளைப் பதித்தோம். மேசன் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

முதல் வெள்ளம்

மாரி தொடங்கி ஓடை பெருகிய காலையில் ஊரே கரையில் நின்றது. மீன் வந்தது, சரிவடியில் கூடி நின்றது, ஏறவில்லை. அன்று மரியதாஸ் அண்ணனின் முறை. வலை தோளில் இருந்தது. ஒரு வீச்சிலேயே கூடை நிறைந்திருக்கும். அவர் வீசவில்லை, மற்றவர்களைத் தண்ணியில் இறங்கவும் விடவில்லை.

கனநேரம் கழித்து ஒரு மணலை துள்ளி முதல் கல்லுக்குப் பின்னால் ஒதுங்கியது. பிறகு அடுத்த கல். அதன் பின்னால் மற்றவையும் ஏறத் தொடங்கின. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை. அவர் நனையாத வலையோடு என்னிடம் வந்தார்.

“இண்டைக்கு என்ரை முறையை மீனுக்கு விட்டிட்டன். குளத்திலை முதல் முறை எனக்கெண்டு எழுதித் தாங்கோ.”

திறப்புவிழாக் கல்லில் பெரியவர்களின் பெயர்தான் இருக்கிறது. குளக்கரையில் முறைத் தகராறு வந்தால் மட்டும், அன்று நான் எழுதிக் கொடுத்த தாளில் என் கையெழுத்தைத் தேடுகிறார்கள்.