சரிபார் பட்டன்

கூத்தாநல்லூரில், அரபு நாடுகளுக்கு ஆள் அனுப்பும் ஆபீஸ் ஒன்றில் நான் வேலை பார்த்தபோது ஊரே பாஸ்போர்ட்டும் கையுமாக அலைந்தது. இணையத்தில் விண்ணப்பப் படிவம் செய்வது என் பொறுப்பு. அதில் இரண்டு பட்டன்கள்: விட்டுப்போனது எது என்று காட்டும் ‘சரிபார்’, பிறகு ‘அனுப்பு’.

இணையப் பக்கம் எழுதும் எச்டிஎம்எல்லில் பட்டன் செய்ய வழி ஒன்றா இரண்டா. இன்புட் என்று எழுதலாம், பட்டன் என்றே எழுதலாம், ஒரு லிங்க்குக்கு நிறம் கொடுத்துப் பட்டன் மாதிரி காட்டலாம். பட்டன் என்று எழுதினால் உள்ளே படம் வைக்கலாம். எனக்குப் பச்சை டிக் வேண்டியிருந்தது, அதையே எடுத்தேன். கூட வேலை பார்த்த ஒரத்தநாட்டுப் பெண், இன்புட் போடுங்க, இல்லாவிட்டால் அது எந்த வகைப் பட்டன் என்றாவது எழுதிவிடுங்க என்றாள். சேர்ந்து ஆறு மாதம் ஆகவில்லை, எனக்குப் பாடமா? அன்றிலிருந்து அவள்மேல் ஒரு கண் வைத்தேன்.

வருகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ராகுகாலமாக இருந்தால் பெயர், ஊர் மட்டும் சொல்லிச் சரிபார்க்கச் சொல்வார்கள். பாஸ்போர்ட் எண்ணை அது கழிந்த பிறகே கொடுத்து அனுப்பச் சொல்வார்கள். அதுவரை டீக்கடை.

ஒரு வாரம் பாஸ்போர்ட் எண் இல்லாமலே சில விண்ணப்பங்கள் போய்ச் சேர்ந்திருந்தன. எல்லாம் ராகுகாலத்தில், எல்லாம் அவள் கம்ப்யூட்டரிலிருந்து. எண்ணோடு மறுபடி அனுப்பினாலும் வெளிநாட்டுக் கம்பெனி முதலில் வந்ததைத்தான் எடுத்துக்கொள்ளும். ஒரு டிரைவருக்கு அழைப்பே வரவில்லை. அவள் சர்ச்சுக்குப் போகிறவள், ராகுகாலம் பார்க்காதவள். பழி என் படிவத்தின்மேல் விழட்டும் என்று வேண்டுமென்றே அமுக்குகிறாள் என முதலாளியிடம் சொன்னேன். ‘அனுப்பு’ பக்கமே போகவில்லை என்று அவள் அழுதாள். சென்னையில் ஒரு கம்பெனியில் சேர அவளுக்கு எங்கள் அனுபவச் சான்றிதழ் வேண்டியிருந்தது. முதலாளி அதைக் கொடுக்காமலே அவளை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். ராகுகாலத்தில் ஒருவர் பெயரும் ஊரும் மட்டும் சொன்னார். ‘சரிபார்’ அமுக்கினேன். திரையின் அடியில், கவனித்தால்தான் தெரிகிற பொடி எழுத்தில், ‘விண்ணப்பம் அனுப்பப்பட்டது’ என்று வந்தது. அடிப்பாவி, நான்தானா! வகை எழுதாத பட்டனை என் பழைய பிரௌசர் சும்மா விட்டிருக்கிறது. அவளுடைய புது பிரௌசர் அதை அனுப்பும் பட்டனாக எடுத்துக்கொண்டிருக்கிறது.

முதலாளியிடம் ஒப்புக்கொண்டு, சான்றிதழைக் கேட்டு வாங்கி, மறுநாளே ஒரத்தநாட்டுக்கு பஸ் ஏறினேன். சென்னை வேலை அதற்குள் வேறொருவருக்குப் போயிருந்தது. அவள் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். நடந்ததைச் சொன்னேன்.

“சந்தேகம் வந்த அன்னைக்கே என் கம்ப்யூட்டர்ல ஒரு தடவை அமுக்கிப் பாத்திருக்கலாமேக்கா,” என்றாள்.

சான்றிதழை நீட்டினேன். அவள் அதை என் எதிரிலேயே வரிவரியாகப் படித்தாள். கையெழுத்தைப் பார்த்தாள், முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.