நர்ஸம்மாவிடம் நான் சொல்லாத பேர்

சளி டெஸ்ட்டில் எனக்குக் காசநோய் என்று தெரிந்த மறுநாளே, சுகாதார நிலையத்து நர்ஸம்மா ஒரு ஃபாரத்தோடு கருமத்தம்பட்டியில் எங்கள் வீடு தேடி வந்துவிட்டார். "உங்க கான்டாக்ட் எல்லாருத்தையும் சொல்லுங்க" என்றார். நெருங்கினவர்களைக் கேட்கிறாராக்கும் என்று பெருந்துறை மாமா, சித்தப்பா, பங்காளிகள் என்று வரிசையாக ஒப்பித்தேன். ஒருத்தரை விட்டால்கூடக் கோபித்துக்கொள்வார்களே.

"அவங்களைக் கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"போன வருசம், ஒரு கல்யாணத்துலீங்க."

அத்தனையையும் அடித்துவிட்டார். "சொந்தத்தைக் கேக்கலீங்க. இருமல் வந்ததுலிருந்து உங்களோட ஒரே ரூம்புல மணிக்கணக்கா யாரு இருந்தாங்களோ, அவங்கதான் கான்டாக்ட். அஞ்சு வயசுக்குக் கீழ கொழந்தைக யாராச்சும்?"

பக்கத்து வீட்டு டீச்சரின் ஒன்றரை வயதுப் பாப்பா தினமும் மத்தியானம் என் மடியில்தான் தூங்கும். கொசு வருமென்று ஜன்னலையும் சாத்திவிடுவேன். பிள்ளை இல்லாதவள் நான். சொன்னால் இனி அதை என் கண்ணில் காட்டுவார்களா?

"இல்லீங்க" என்றேன். என் வீட்டுக்காரர் பேரை மட்டும் எழுதிக்கொண்டு போனார்.

டீச்சரிடம், "எனக்குக் காய்ச்சலுங்க, கொஞ்ச நாளைக்குப் பாப்பாவைக் கொண்டுவராதீங்க" என்று சொல்லிவைத்தேன். பாவம், அவர் லீவு போட்டார். நாலாம் நாள் சுவருக்கு அந்தப் பக்கம் பாப்பா இருமியது. பல் முளைக்கிற சளியாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாளும் இருமியது. சமையலை விட்டுவிட்டுச் சுவரோரம் போய் நிற்பேன். சோறு இறங்கவில்லை. சீ, நானெல்லாம் ஒரு மனுசியா என்று என்மேலேயே வெறுப்பு வந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

பத்தாம் நாள் இருமல் விடாமல் கேட்டது. மாஸ்க்கை மாட்டிக்கொண்டு டீச்சர் வாசலில் போய் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, சாதாரணச் சளிதான். இருந்தாலும் நோய் வராமலிருக்க ஆறு மாசம் மாத்திரை தரவேண்டுமாம். இதைச் சொல்ல டீச்சரே கேட் வரை வந்தார். நான் அழுதேன். அவர் திட்டவில்லை.

"ஏனுங்க்கா, அவ இருமறதை நானும் ஒரு வாரமாக் கேட்டேன். என்னவா இருக்கலாம்னு எனக்குத் தெரியலீங்க" என்றார். "உங்களுக்குத் தெரியுமில்லீங்க?"