பனங்கட்டி இல்லாத மல்லித்தண்ணி

மல்லி வறுக்கும் வாசம் எங்கே வந்தாலும் குணபூசணிக்கு பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸின் மாலைப்பொழுதுகள்தான் நினைவுக்கு வரும். கணவர் தியாகராசா ரயில்வே கிளார்க். நாலு மணியானால் அவள் அடுப்பில் மல்லியும் சுக்கும் மிளகும் கொதிக்கும். பக்கத்து வீட்டு முத்து பீவி முக்காட்டை இழுத்துவிட்டபடி பின்வாசலில் வந்து நிற்பாள்.

"வாசம் எங்க வீட்டுச் சோத்துப்பானை வரைக்கும் வந்துருச்சுக்கா. கூப்பிடாட்டி சண்டைதான்!"

பேணியில் மல்லித்தண்ணி வார்த்து, வந்தவர் உள்ளங்கையில் பனைவெல்லமான பனங்கட்டியில் ஒரு துண்டு வைப்பாள் குணபூசணி. ஒரு மிடறு, ஒரு கடி. யாழ்ப்பாணத்து வழக்கம் அது. பனங்கட்டி இல்லாமல் கொடுப்பது வந்தவரை அவமதிப்பது போல.

போரில் ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்தான்; யாழ்ப்பாணத்திலிருந்து பனங்கட்டி கொண்டுவந்த கப்பல் நின்றது. மறுவருடம் பனங்கட்டி தீர்ந்தது. மல்லி மட்டும் இருந்தது. வெட்கத்தில் அவள் மாலையானால் பின்கதவைத் தாழிட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் முத்து பீவியின் கணவன் நஜ்முதீனை ஜப்பான் சிப்பாய்கள் பாசார் சந்தையில் பிடித்து, சயாமில் ரயில் பாதை போட லோரியில் ஏற்றிப் போனார்கள். காலையில் போய் அழுதுவிட்டு வந்த குணபூசணி, மாலையில் முத்து பீவி பின்கதவைத் தட்டும் சத்தம் கேட்டும் திறக்காமல் நின்றாள். அதன்பின் குழாயடியில் முத்து பீவி முகம் கொடுக்கவில்லை.

"நாங்கள் ஜப்பான்காரனுக்குப் பயந்து அவளை ஒதுக்கிறம் எண்டு அந்தப் பிள்ளை நினைக்குது," என்றார் தியாகராசா.

குணபூசணி அடுக்களைக்கு ஓடினாள். உடனே அடுப்பை மூட்டினாள். கொதித்த பானையைத் துணியால் பிடித்துக்கொண்டு, முதன்முறையாக மல்லித்தண்ணியோடு தானே அடுத்த வீட்டுப் படியேறினாள்.

"எதுக்குக்கா வந்தீங்க? யாராச்சும் பாத்துறப் போறாங்க."

"பனங்கட்டி முடிஞ்சு போச்சு, பிள்ளை. வெறுந்தண்ணியை எப்பிடித் தாறது எண்டு வெக்கமாக் கிடந்தது. வேற ஒண்டுமில்லை."

முத்து பீவி கதவை அகலத் திறந்தாள்.

"இதுக்கா கதவைச் சாத்துனீங்க? நான் என்ன பனங்கட்டி திங்கவா வந்தேன்?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி, கொஞ்சம் அதுக்கும்தான்."

இருவரும் சிரித்துவிட்டார்கள். முத்து பீவி ஒரு மிடறு குடித்து முகத்தைச் சுளித்தாள்.

"யாத்தே, என்னா காரம்! உக்காருங்கக்கா. இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க."