இருபது அங்குல ஜன்னல்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் நடந்தது. அதுவும் பட்டப்பகலில், மணி இரண்டு பத்துக்கு.

அக்கா வீட்டுக்காரர் பழைய மரப்படகு ஒன்று வாங்கியிருந்தார். இருபத்திரண்டு அடி. மழைக்கு ஒதுங்க ஒரு கேபின் வேண்டும் என்றார். நான் படகுத் தச்சன், மச்சினன் வேறு. தட்ட முடியுமா?

பலகையை அறுக்கும் முன், கொட்டகையில் நின்ற படகின் மேலேயே அட்டையால் முழு அளவில் கேபினைக் கட்டிப் பார்த்தேன். பின்னால் கதவு. முன்னால் பதினாலு அங்குல ஜன்னல். அதற்கு மேல் வைத்தால் அலை உள்ளே புகுந்துவிடும்.

அத்தான் உள்ளே உட்கார்ந்து பார்த்தார்.

"என்ன மாப்ள, கோழிக்கூடா?"

"கோழி இவ்வளவு பேசாது அத்தான்."

சிரித்தபடி டீ குடிக்கப் போனார். கொட்டகையில் நான் மட்டும்.

டக்... டக்... டக்...

கேபினுக்குள்ளிருந்து. அட்டையைத் தட்டினால் அப்படிக் கேட்காது. அது பலகைச் சத்தம்.

எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. உள்பக்கம், ஜன்னலைச் சுற்றி ஓர் ஈரக்கோடு. டேப் வைத்து அளந்தேன். இருபது அங்குலம்.

நனைந்த அட்டையை எடுத்துவிட்டு, அதே பதினாலுக்குப் புது அட்டை வைத்தேன்.

இரண்டு முப்பது. டக்... டக்...

அதே கோடு. அதே இருபது. பக்கத்தில் ஒரு ஈரக் கைத்தடம். இடது கை.

மறுபடி மாற்றினேன்.

கோடு. இடது கை.

தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

பயம் வரவில்லை. எதுவுமே வரவில்லை.

இருபதுக்கே அறுத்தேன்.

ஐந்து மாதம் கழித்துப் படகு கவிழ்ந்தது. அத்தான் கேபினுக்குள். தண்ணீர் அழுத்தியதில் கதவு திறக்கவில்லை. ஜன்னல் வழியாகத் தப்பினார். ஆஸ்பத்திரியில் மெதுவாகச் சொன்னார்.

"பாதியில நின்னுட்டேன் மாப்ள. பின்னாலேருந்து யாரோ தள்ளிவிட்டாங்க."

"கூட யாரு இருந்தா?"

"யாருமில்ல."

முதுகில் ஒரு கைத்தடம் கன்றிப் போயிருந்தது.

படகை விற்றவர் பார்க்க வந்தார். முன்பு அதில் ஒரு கேபின் இருந்ததாம். ஒருமுறை கவிழ்ந்தபோது அவர் தம்பி உள்ளே சிக்கிக்கொண்டான். அதன் பிறகுதான் கேபினைப் பிரித்துப் போட்டாராம்.

"ஜன்னல் எத்தனை அங்குலம்?" என்றேன்.

"பதினாலு."

அத்தான் முதுகிலிருந்த தடத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"தலையும் வலது கையும் வெளிய வந்திருந்துச்சு. இடது கைதான்... உள்ளேயே நின்னுபோச்சு."