முதலாளிக்குப் பின்னால் ஒரு திமிங்கிலம்

திமிங்கிலம் காட்டுகிற வேலையில் வழுக்கி விழ இரண்டு இடம் உண்டு: ஒன்று படகு, மற்றது பேஸ்புக். வேலைத்தலத்தைப் பற்றி எழுதி வாங்கிக்கட்டியவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். உப்புவெளியில் ஒரு படகுக் கொம்பனியில் முற்பதிவும் பேஸ்புக் பக்கமும் என் பொறுப்பு.

லீவு

வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை, மூன்று மணித்தியாலம் கடலில் சுற்றியும் ஒன்றும் தெரியவில்லை. "இன்று திமிங்கிலத்துக்கு லீவு" என்று உள்ளதை எழுதிப் போட்டேன். முதலாளி அழிக்கச் சொல்வதற்குள், மறுநாளுக்குப் பதிந்திருந்த ஒருவர் போன் எடுத்துவிட்டார்.

"தங்கச்சி, நாளைக்கு அது வேலைக்கு வருமோ?"

ஓய்வு

எங்கள் படகோட்டி கிறிஸ்டி அண்ணை. கடல் குழம்பியிருந்த ஒருநாள் படகு நிழலில் வாயைத் திறந்தபடி உறங்கினார். "எங்கள் கப்டன் ஓய்வில்" என்று படத்தைப் போட்டேன். முதல் லைக் அவர் மனைவியுடையது. மாமனார் வீட்டில் வேலி அடைக்க வர ஏலாது, கடலுக்குப் போகவேணும் என்று அவர் வீட்டில் சொல்லியிருந்தது எனக்கு எப்படித் தெரியும்? மறுநாள் கையெல்லாம் முள்ளுக்கீறலோடு வந்து நின்றார்.

"புயலுக்கெல்லாம் தப்பி வந்தனான் பிள்ளை, உன்ர போனுக்குத் தப்ப ஏலாமக் கிடக்கு."

இடது மூலை

எங்கள் முதலாளி கிண்ணியாக்காரர். படகிலேயே பிறந்தவர் என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்வார், ஆனால் படகில் ஏறமாட்டார். ஒருநாள் ஏறினார். அன்றைக்கென்று பக்கத்திலேயே ஒரு திமிங்கிலம் வாலைத் தூக்கியது. நான் வீடியோ எடுத்து, முழுதாகப் பார்க்காமலே போட்டுவிட்டேன்.

கரைக்கு வரும்போது என் போன் அதிர்ந்துகொண்டிருந்தது. வீடியோவின் இடது மூலையில் முதலாளி கடலுக்குள் குனிந்து ஓங்காளித்துச் சத்தி எடுக்கிறார். கிண்ணியாவிலிருந்து சொந்தக்காரர் எல்லாரும் சுகம் விசாரிக்கிறார்கள். அவர் கதிரையில் அமர்ந்து என்னைக் கூப்பிட்டபோது, வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். வீடியோவை அழிக்கப் போனேன். அதற்குள், கந்தோர் போனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்த கிறிஸ்டி அண்ணை வந்து, வீடியோ பார்த்தவர்களால் அடுத்த கிழமை முழுக்கப் படகு நிறைந்துவிட்டது என்றார்.

முதலாளி போனை வாங்கி நாலைந்து தரம் பார்த்தார். தன்னை வெட்டிவிட்டு வாலை மட்டும் வைக்க ஏலாதா என்று கேட்டார். வால் அவருடைய தலைக்கு நேர் பின்னால் நின்றது. ஏலாது என்றேன். போனைத் திருப்பித் தந்தார்.

"அப்ப கிடக்கட்டும் புள்ள. கீழ மட்டும் எழுதிப் போடுங்க, கடலால இல்ல, ராத்திரித் திண்ட கொத்துரொட்டியால எண்டு."

இப்போதெல்லாம் நான் எதைப் போட்டாலும் முதலில் நாலு மூலையையும் பார்க்கிறேன், திமிங்கிலத்தைப் பிறகுதான்.