எலிக் காய்ச்சலும் என் தேடல் வாக்கியமும்

ஆய்வுக் கட்டுரைகளைத் தரவுத்தளங்களில் தேடுவது எப்படி என்று ஈப்போவில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திச் சம்பளம் வாங்குகிறவன் நான். எந்தச் சொல்லை எதனோடு சேர்ப்பது, எதை அடைப்புக்குறிக்குள் போடுவது என்று மணிக்கணக்கில் பேசுவேன். அப்படிப்பட்டவன் சொந்த மனைவிக்காகத் தேடியபோது செய்த மடத்தனத்தை மாணவர்களிடம் இதுவரை சொன்னதில்லை.

சென்ற மழைக்காலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் அவள் பிறந்த பழைய ரப்பர்த் தோட்டத்தில், திருவிழாவுக்கு முன் ஊரே கூடிக் கோயிலைத் துப்புரவாக்கும் கோத்தோங் ரோயோங் நடந்தது. நான் நாற்காலி துடைத்தேன். அவள் வெறுங்காலோடு சாக்கடையில் இறங்கிக் குப்பையை வாரினாள். அடுத்த வாரம் காய்ச்சல். கண் சிவந்தது, கெண்டைக்காலைத் தொட்டாலே அலறினாள். மருத்துவமனையில், எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரில் தொற்றும் எலிக் காய்ச்சல் என்றார்கள். சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டும் என்றும் சொன்னார்கள்.

பார்வையாளர் நேரம் முடிந்ததும் காருக்குள் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். பயந்தவனுக்குத் தெரிந்த தொழில்தானே கைக்கு வரும்? நோயின் பெயர் மற்றும் மலேசியா என்று தட்டினேன். அதோடு அடைப்புக்குறிக்குள் ‘மரணம் அல்லது இறப்பு’. பாடத்தில் காட்டலாம் போல அவ்வளவு சுத்தமான வாக்கியம்.

வந்த கட்டுரைகள் ஒவ்வொன்றிலும் யாரோ இறந்திருந்தார்கள். ஆற்றில் குளித்தவர், எண்ணெய்ப்பனைத் தொழிலாளி, அவள் வயதில் ஒரு பெண். ஒருவராவது பிழைத்திருக்கக் கூடாதா என்று பக்கம் பக்கமாகத் தள்ளினேன். சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு, ‘உடனே வா, அம்மா பிழைப்பது கஷ்டம்’ என்று செய்தி அனுப்பிவிட்டேன்.

முழுக் கட்டுரைகள் வேண்டுமென்று அதே தேடல் வாக்கியத்தை எங்கள் கல்லூரி நூலகருக்கு அனுப்பினேன். உடனே அழைத்தார்.

“அண்ணே, செத்தவங்கள மட்டும்தான் கேட்டிருக்கீங்க. பொழச்சவங்க எப்படி வருவாங்க?”

“எனக்குத் தெரியாதா?”

“தெரியும்லா. அந்த அடைப்புக்குறிய அழிச்சிட்டுப் பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்.”

அழித்தேன். கட்டுரைகள் திரை கொள்ளாமல் வந்தன. சீக்கிரம் மருந்து கிடைத்தவர்களில் பலர் வீடு திரும்பியிருந்தார்கள். இறந்தவர்களும் அதற்குள்தான் இருந்தார்கள். என் மனைவி எந்தப் பக்கம் என்று ஒரு கட்டுரையும் சொல்லவில்லை. மூச்சுவிட முடிந்தது, அவ்வளவுதான். மறுநாள் தாதி, “கிட்னி ஓகேலா அங்கிள், பயப்படாதீங்க” என்றபோதுதான் கால் தரையில் பட்டது. அந்த நேரம் பார்த்து மகன் வெளுத்த முகத்தோடு ஓடி வந்தான். அவள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

பயம் கேள்வியை எழுதினால், அதற்கு வேண்டிய பதில்தான் வரும். இன்றும் தேடும் பொத்தானை அழுத்துவதற்கு முன், கேட்பது நானா, என் பயமா என்று ஒரு கணம் நிறுத்திப் பார்க்கிறேன்.

வீட்டுக்கு அழைத்து வரும்போது காரில் இதையெல்லாம் அவளிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

“நர்ஸ்கிட்ட டிஸ்சார்ஜ் எப்பன்னு ஒரு வார்த்த கேக்கத் தெரியல,” என்றாள். “செத்தவங்கள மட்டும் நாடு பூரா தேடத் தெரிஞ்சிருக்கு.”