மிலோ வூகோவிச்சின் பதினைந்து டாலர்

மொன்டானாவின் ப்யூட் நகரத்தில் பாதிக் கூரைகளில் இறங்கியிருப்பது மிலோ வூகோவிச் அடித்த ஆணிதான். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், இரவல் ஏணி ஒன்றோடு தொடங்கி முப்பது ஆளுக்குச் சம்பளம் கொடுத்தார். பட்டம் வாங்கிய எஞ்சினியர்களே அவரிடம் வந்து கூரைச் சாய்வு கேட்டுப் போயிருக்கிறார்கள். போக்கர் சீட்டாட்டத்தையும் அப்படித்தான், யாரையும் கேட்காமல் தானே கற்றார்.

அவருடைய முறை இது. நல்ல சீட்டு வந்தால் பதினைந்து டாலர் பந்தயம். வெத்துச் சீட்டை வைத்துக்கொண்டு, நல்லது இருப்பதுபோல் மிரட்டினாலும் அதே பதினைந்து. மிரட்டுவதா வேண்டாமா என்பதை மனசிடம் விடக்கூடாது, முகம் காட்டிக்கொடுத்துவிடும். கைக்கடிகாரத்தின் விநாடி முள் முதல் இருபதுக்குள் இருந்தால் மிரட்டு, தாண்டிவிட்டால் சும்மா இரு. சாராயக்கடையின் பின்னறையில் கிடக்கும் அந்த ஒற்றை மேசையில் பத்தொன்பது வருஷமாக எவனும் அவர் மனசைப் படித்ததில்லை.

அப்புறம்தான் டோரீன் வந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். காலைச் சவாரிக்கும் மாலைச் சவாரிக்கும் நடுவில் வந்து உட்கார்ந்து, கம்பளி பின்னிக்கொண்டே ஆடுவாள். நாலு நாளில் மிலோ ஏழு தடவை மிரட்டினார். ஆறு தடவை அவள் பதிலுக்குப் பதினைந்தை வைத்து அள்ளிக்கொண்டு போனாள்.

பக்கத்து நாற்காலி கஸ், "என்னய்யா, கூரை ஒழுகுதா?" என்றான்.

மிலோவுக்குத் தூக்கம் போயிற்று. பின்னல் ஊசியால் சீட்டில் கீறல் போடுகிறாளோ? மூக்குக்கண்ணாடியில் ஏதாவது இருக்குமோ? ஐந்தாம் நாள் கடை மேலாளர் ஹால்வரைத் தனியே கூப்பிட்டுத் தன் சந்தேகத்தைச் சொல்லிவிட்டார். ஹால்வர் ஐம்பத்திரண்டு சீட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் மிலோ உறுதியாகச் சொன்னால் அவளை அனுப்பிவிடுவதாகச் சொன்னான். இதை விட்டால் அடுத்த சீட்டு மேசை எண்பது மைல் தள்ளி. இரண்டு சவாரிக்கு நடுவில் போய்வரும் தூரமில்லை.

மிலோ நேரே மேசைக்கு வந்து எல்லார் முன்னாலும் கேட்டார். "நான் மிரட்டுறது உனக்கு எப்படித் தெரியுது?"

டோரீன் ஊசியை நிறுத்தினாள். "மிரட்டுனீங்களா? எப்போ? எங்கிட்ட ஒரு ஜோடி இருந்தா காசு வைப்பேன், இல்லன்னா சீட்டைக் கவுத்துட்டு விலகிருவேன். உங்க பக்கம் நான் பாத்ததே இல்லயே, பெரியவரே."

மேசை சிரித்தது. கஸ் மட்டும் சிரிக்கவில்லை. "யோவ், நீ நல்ல சீட்டு வச்சிருந்தப்பவும் இவ காசு வச்சுத் தோத்தாளே, அது ஒரு பத்துப் பன்னெண்டு தடவை இருக்கும். அதை ஏன் எண்ணல?"

மிலோ மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். பதினொன்று. படிக்கிறவனுக்குப் பயந்து அத்தனை பாடுபட்டிருக்கிறார். இங்கே புத்தகத்தைத் திறந்தவர்களே இல்லை. ஹால்வர் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். டோரீன் பின்னலைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

"அவ இருக்கட்டும், ஹால்வர். தப்பு என்னோடது."

எழுபத்தொரு வயதுவரை அந்த வாய் அப்படி ஒன்றைச் சொன்னதில்லை. டோரீன் பையைக் கீழே வைத்தாள். அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டு விழுந்தது. மிலோ பதினைந்து டாலரை நகர்த்தினார். அவள் தன் சீட்டைத் தொடவில்லை. தலையை நிமிர்த்தி, முதல் தடவையாக, அவர் முகத்தை நிதானமாகப் பார்த்தாள்.

போச்சு, நாமே பார்க்கச் சொல்லிக்கொடுத்துவிட்டோம் என்று நினைத்தார் மிலோ.